நரம்பிசைச் சிறுகுழுவில் கருவித் தேர்வு

நரம்பிசைச் சிறுகுழு என்பது, வில்லால் இசைக்கும் தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு, இரண்டு பேர் முதல் எட்டுப் பேர் வரை ஒன்றாக அமர்ந்து, குரலுக்கு ஒருவராக வாசிக்கும் ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குழு ஆகும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி இசை இழைகள் ஒவ்வொன்றும் ஒரு குரல் எனப்படும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு குரலைப் பத்துப் பேர் சேர்ந்து வாசிப்பதுண்டு. இங்கே ஒவ்வொரு குரலுக்கும் ஒருவரே பொறுப்பு. கையசைத்து நடத்துபவர் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவே இவற்றுள் தலையாயது. மற்றச் சேர்க்கைகள் அதில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ மாற்றியோ அமைந்தவை.

மேல்குரல் எந்தக் கருவிக்கு என்பதில் பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு பெரிய ஐயம் எழுந்ததில்லை. அந்த இடம் வயலினுக்கு உரியதாகிவிட்டது. நடுக்குரலை எதனிடம் கொடுப்பது, அடிக்குரலை எத்தனை பேர் தாங்குவது என்பவையே கருவித் தேர்வின் உண்மையான கேள்விகள். குழுவின் குணத்தைத் தீர்மானிப்பவையும் அவையே.

கருவிகளும் அவற்றின் சுருதியும்

வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று ஐந்து சுர இடைவெளியில் சுருதி கூட்டப்படுகின்றன. கர்நாடக இசையில் அதே கருவியை ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கு இறக்கிக் கூட்டுவது போன்ற நெகிழ்ச்சி இங்கே இல்லை. தடித்த ஜி தந்தி நொடிக்கு 196 அதிர்வும் மெல்லிய ஈ தந்தி ஏறத்தாழ 659 அதிர்வும் கொண்டவை. வியோலா அதைவிட ஐந்து சுரம் தாழ்ந்தது: சி, ஜி, டி, ஏ. அதன் அடித்தந்தி சுமார் 131 அதிர்வு. செல்லோவின் தந்திகளுக்கும் அதே பெயர்கள்தாம். ஆனால் ஒரு முழு ஸ்தாயி கீழே, 65 அதிர்விலிருந்து தொடங்குகிறது. டபுள் பேஸ் மட்டும் நான்கு சுர இடைவெளியில் ஈ, ஏ, டி, ஜி எனச் சுருதி கூட்டப்பட்டு, 41 அதிர்வு வரை இறங்கும். ஏட்டில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி தாழ்வாகவே அது ஒலிக்கும்.

இந்த வரிசையில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். வயலினுக்கும் வியோலாவுக்கும் இடையே ஐந்து சுரம்; வியோலாவுக்கும் செல்லோவுக்கும் இடையே ஒரு ஸ்தாயி. மனிதக் குரல்களைச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்காகப் பகுக்கும் ஐரோப்பிய மரபை இங்கே பொருத்தினால், டெனருக்கென்று தனிக் கருவி இல்லாமல் போகிறது. நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் ஆல்டோவின் வேலையைச் செய்கிறது. ஆல்டோவாகப் பிறந்த வியோலா டெனரின் வேலையை ஏற்றுக்கொள்கிறது. வியோலாவின் சுமை எப்போதும் அதன் உடலைவிடப் பெரிது என்பதற்கு இதுவே காரணம்.

உடல் அளவிலும் அதே குறை தெரிகிறது. வயலினின் கூடு ஏறத்தாழ 35.5 செ.மீ. நீளம். ஐந்து சுரம் தாழ்ந்த கருவி அதே விகிதத்தில் வளர்ந்திருந்தால் வியோலாவின் கூடு 53 செ.மீ. இருக்க வேண்டும்; அதைத் தோளில் வைத்து வாசிக்க எவராலும் முடியாது. நடைமுறையில் அது 39 முதல் 43 செ.மீ.க்குள் நின்றுவிட்டது. கூட்டுக்குள் உள்ள காற்றும் மரமும் எழுப்பும் ஒத்ததிர்வு, தந்திகளின் சுருதியோடு ஒப்பிட்டால் மேலே தங்கிவிடுவதால், கீழ்ச் சுரங்களின் அடிநாதம் வலுக்குறைந்து, மூக்கொலியும் கம்மலும் கலந்த தனிநிறம் உண்டாகிறது. செல்லோவும் கணக்குப்படி ஒரு மீட்டருக்கு மேல் நீண்டிருக்க வேண்டியது; 75 அல்லது 76 செ.மீ.தான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கப்பலகைகள் வயலினைப் போல நான்கு மடங்கு உயரமானவை என்பதால் இழப்பு பெருமளவு ஈடாகிவிடுகிறது. வியோலாவுக்கு அந்த வழியும் இல்லை. பக்கப்பலகையை உயர்த்தினால் தோளுக்கும் தாடைக்கும் இடையில் அது அடங்காது.

வியோல் குழுக்கள்

வயலின் குடும்பம் சிறுகுழு இசைக்கு வருவதற்கு முன், அந்த இடத்தில் வியோல் குடும்பம் இருந்தது. ஆறு தந்திகளும், விரல்பலகையில் மெட்டுகளும் கொண்ட இக்கருவிகளை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, உள்ளங்கை மேல்நோக்கியபடி வில்லைப் பிடித்து வாசித்தார்கள். டிரெபிள், டெனர், பேஸ் என மூன்று அளவுகள் உண்டு. மூன்றும் ஒரே உடல் விகிதத்தில் அமைந்தவை. எல்லாவற்றையும் ஒரே நிலையில் வைத்தே வாசிப்பதால், தோளில் தாங்க வேண்டுமே என்று எதையும் குறுக்க வேண்டியிருக்கவில்லை. டெனர் வியோல் முழுமையான டெனராகவே இருந்தது.

இங்கிலாந்தில் வசதியுள்ள வீடுகளில் இத்தகைய கருவிகளை ஒரு தொகுதியாக வாங்கி ஒரே பெட்டியில் வைத்திருந்தனர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தேவாலயப் பாடகர் தாமஸ் மேஸ் 1676இல் வெளியிட்ட பெருநூலில், நல்லதொரு பெட்டிக்கு இரண்டு பேஸ், இரண்டு டெனர், இரண்டு டிரெபிள் வேண்டும் என்று வகுத்ததோடு, அவை அளவிலும் வலிமையிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். சிறுகுழுவுக்கான கருவித் தேர்வு குறித்து நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பழைய அறிவுரை இதுவே. மேஸ் எழுதிய காலத்தில் வயலினின் உரத்த ஒலி வியோல் குழுக்களை ஓரங்கட்டிவிட்டிருந்தது. அதுகுறித்த அவர் வேதனை நூல் முழுவதும் ஓடுகிறது. அந்த வேதனை நியாயமானது. எந்தக் குரலும் மற்றொன்றை அமுக்காத சமநிலையை வயலின் குடும்பம் அதற்குப் பிறகு நெடுங்காலம் தேட வேண்டியிருந்தது.

வில்லியம் பேர்ட், ஆர்லாண்டோ கிப்பன்ஸ் முதலியோர் மூன்று முதல் ஆறு வியோல்களுக்கு எழுதியுள்ளனர். ஐந்து, ஆறு குரல்களுக்கான வில்லியம் லாஸின் தொகுதிகள் துணிச்சலான சுர மோதல்களுக்குப் பெயர் பெற்றவை. அவர் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் தரப்பில் போரிட்டு 1645இல் செஸ்டர் முற்றுகையின்போது மாண்டார். ஹென்றி பர்செல் 1680இல், இருபதை ஒட்டிய வயதில், மூன்று முதல் ஏழு குரல்கள் வரை எழுதிய ஃபேன்டேசியாக்கள் இம்மரபின் கடைசிப் பெரும் படைப்புகள்.

வயலின் குடும்பமும் தொலைந்த டெனரும்

பதினாறாம் நூற்றாண்டில் வடஇத்தாலியில் உருவான வயலின் குடும்பம் முதலில் நடனத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரியதாக இருந்தது. கிரெமோனா நகரின் ஆந்திரேயா அமாதி பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸின் அரண்மனைக்குச் செய்தளித்த கருவிகளில் சில, பின்புறத்தில் அரச முத்திரை தீட்டப்பட்ட நிலையில் இன்றும் எஞ்சியுள்ளன. பிரெஞ்சு அரண்மனையின் இருபத்துநான்கு வயலின்கள் எனப்பட்ட குழு ஐந்து குரல்களில் வாசித்தது: மேலே ஆறு வயலின், கீழே ஆறு பேஸ், நடுவே மூன்று குரல்களுக்குத் தலா நான்கு பேர். அந்த நடுக்குரல்களுக்கு ஓத்-கோந்தர், தாய், கேன்ட் என்று மூன்று பெயர்கள். மூன்று கருவிகளுக்கும் சுருதி ஒன்றே, இன்றைய வியோலாவின் சுருதி. உடல் அளவு மட்டும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வேறுபட்டது. ஆக, இருபத்துநான்கில் பன்னிரண்டு பேர் நடுவில். நடுக்குரலை இவ்வளவு மதித்த காலம் பிறகு வரவில்லை.

இத்தாலியிலும் இரண்டு வகை வியோலாக்கள் இருந்தன. அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1690இல் டஸ்கனி இளவரசர் ஃபெர்டினாண்டோ தே மெடிச்சிக்காகச் செய்த ஐங்கருவித் தொகுதி இதற்குச் சான்று. இரண்டு வயலின், ஆல்டோ வரம்புக்கு 41 செ.மீ. அளவில் ஒரு வியோலா, டெனர் வரம்புக்கு 48 செ.மீ. அளவில் மற்றொரு வியோலா, ஒரு செல்லோ. அந்தப் பெரிய டெனர் வியோலா ஃபிளாரன்ஸின் அகாதெமியா காட்சியகத்தில், கழுத்தும் விரல்பலகையும்கூட மாற்றப்படாமல், ஏறக்குறைய ஸ்ட்ராடிவாரியின் கையை விட்டகன்ற நிலையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய வியோலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. டெனர் குரலைத் தனியாக எழுதும் வழக்கம் நின்றபின், அவற்றின் கூட்டை மேலும் கீழும் அறுத்து, ஓரத்தை மீண்டும் பொருத்தி, தோளுக்கேற்ற வியோலாக்களாக்கிவிட்டனர். மேதைகளின் கைவேலை வாள்பட்டுச் சிதைந்தது வருந்தத்தக்கது.

டெனர் ஏன் நின்றுபோனது? முதன்மைக் காரணம் டிரியோ சொனாட்டா. இரண்டு வயலின் மேலே, ஒரு பேஸ் கீழே, நடுவெளியை ஆர்கனோ ஹார்ப்சிகார்டோ இலக்கக் குறிப்பைப் பார்த்து நிரப்பும். ஆர்காஞ்சலோ கொரெல்லி 1681 முதல் 1694 வரை நான்கு தொகுதிகளில் வெளியிட்ட 48 டிரியோ சொனாட்டாக்கள் ஐரோப்பா முழுவதும் மறுபதிப்பு கண்டு, இந்த அமைப்பையே இயல்பான அமைப்பு என்று மக்கள் எண்ணும்படி செய்துவிட்டன. வியோலாவுக்கு அங்கே வேலையில்லை. ஜெர்மானியப் புல்லாங்குழல் ஆசான் குவான்ட்ஸ் 1752இல் தம் நூலில் வியோலா வாசிப்பவருக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, அந்தக் கருவியை இசையுலகம் பொருட்டாகவே கருதுவதில்லை என்ற குறையோடுதான் அதைத் தொடங்குகிறார்.

இதே காலத்தில் அடிக்குரலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வெறும் குடல் தந்தியில் தாழ்ந்த சுரம் வேண்டுமானால் தந்தி நீளமாகவோ தடிமனாகவோ இருக்க வேண்டும். ஆகவே பழைய பேஸ் வயலின்கள் 80 செ.மீ. வரை பெருத்திருந்தன. 1660களில் குடலின்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றிய தந்திகள் புழக்கத்துக்கு வந்தன. எடை கூடி, தடிமன் குறைந்தது. கருவியைச் சுருக்க முடிந்தது. விரல்கள் விரைந்து ஓட இடம் கிடைத்தது. ஸ்ட்ராடிவாரி 1707ஐ ஒட்டி வகுத்த சிறிய செல்லோ வடிவமே இன்றளவும் பெரும்பாலோர் பின்பற்றும் அளவு. செல்லோவை வெறும் அடித்தளமாக இல்லாமல் பாடும் கருவியாக மாற்றியது இந்தச் சிறு உலோகச் சுற்றுதான். பின்வந்த நால்வர் குழு மரபு முழுவதும் அதற்குக் கடன்பட்டிருக்கிறது.

நால்வர் குழுவின் பிறப்பு

விசைப்பலகைத் துணையின்றி இரண்டு வயலின், வியோலா, செல்லோ என்ற நான்கை மட்டும் கொண்ட சொனாட்டாக்களை நேப்பிள்ஸில் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லட்டி முன்பே எழுதியிருந்தார். ஹார்ப்சிகார்ட் வேண்டாம் என்று தலைப்பிலேயே குறித்திருந்தார். எனினும் அவை பழைய தேவாலயப் பாணியின் கடைசிக் கிளைகள். இன்று நாம் அறியும் வடிவத்தைத் தந்தவர் யோசப் ஹைடன்.

1750களில் வியன்னாவுக்கு மேற்கே வைன்சியர்ல் என்ற ஊரில் ஃபூர்ன்பர்க் பிரபுவின் மாளிகைக்கு இளைஞர் ஹைடன் சென்று தங்குவார். அங்கே பங்குத் தந்தை, எஸ்டேட் மேலாளர், செல்லோ வாசித்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர், ஹைடன் என நால்வர் கூடினர். இந்த நால்வரும் வாசிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி பிரபு கேட்டார் என்று, ஹைடனை நேரில் அறிந்த கிரீசிங்கர் 1810இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இசையுலகின் மிக உயர்ந்த வடிவம் எனப் போற்றப்படும் சேர்க்கை, அந்த வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்து பிறந்திருக்கிறது. அடிக்குரலைப் பழைய ஏடுகள் பாஸோ என்று மட்டும் குறித்தாலும், அது பெரும்பாலும் செல்லோவுக்கு எழுதியதே என்று கருதப்படுகிறது.

ஓப்பஸ் 20 என எண்ணிடப்பட்ட 1772ஆம் ஆண்டின் ஆறு நால்வரிசைகளில் கருவிகளின் உரிமை சமமாகிறது. அவற்றுள் சி மேஜர் நால்வரிசை தொடங்கும்போது முதல் வயலின் மௌனமாக இருக்கும். செல்லோ தன் மேல் ஸ்தாயியில் பாட்டைப் பாடும். வியோலா கீழே சென்று அடிக்குரலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வயலின் உடன் செல்லும். மேல், நடு, அடி என்ற பழைய சாதிப் பிரிவு அந்தச் சில நொடிகளில் கலைந்துவிடுகிறது. நடுக்குரல் கருவிக்கு நல்ல வாசிப்பாளர் வேண்டும் என்ற நிலையும் அங்கிருந்துதான் வந்தது. ஐரிஷ் பாடகர் மைக்கேல் கெல்லியின் நினைவுக் குறிப்பு ஒன்று இதற்கு அழகான சான்று: 1784ஐ ஒட்டி வியன்னாவில் நடந்த ஒரு விருந்தில் ஹைடன் முதல் வயலின், டிட்டர்ஸ்டார்ஃப் இரண்டாம் வயலின், வன்ஹால் செல்லோ. வியோலா வாசித்தவர் மொசார்ட்.

ஐந்தாவது கருவி

நால்வர் குழுவோடு ஐந்தாவதாக எதைச் சேர்ப்பது என்பதில் மூன்று வழிகள் கிளைத்தன.

மொசார்ட் இரண்டாவது வியோலாவைச் சேர்த்தார். 1773இல் ஒன்று எழுதிப் பார்த்துவிட்டு, 1787இல் சி மேஜரிலும் ஜி மைனரிலும் இரண்டு பெரும் ஐவரிசைகளைப் படைத்தார்; 1790லும் 1791லும் இன்னும் இரண்டு வந்தன. ஜி மைனர் ஐவரிசையின் தொடக்கத்தில் இரண்டு வயலினும் முதல் வியோலாவும் மூவராகப் பேசும். பிறகு வயலின்கள் இரண்டும் விலக, இரண்டு வியோலாவும் செல்லோவும் அதே சொல்லை இருண்ட நிறத்தில் திருப்பிச் சொல்லும். ஒரு கருவியைக் கூட்டியதால் ஒரு குழுவுக்குள் இரண்டு மூவர் குழுக்கள் கிடைத்துவிட்டன. தொலைந்த டெனர் இங்கேதான் கௌரவத்தோடு திரும்பி வந்தது. பீத்தோவன், மெண்டல்சன், புரூக்னர், பிராம்ஸ், திவோர்ஷாக் ஆகியோர் இவ்வழியில் எழுதியுள்ளனர்.

லூய்ஜி போக்கெரீனி இரண்டாவது செல்லோவைச் சேர்த்தார். ஸ்பெயின் இளவரசர் டான் லூயிஸின் பணியில் அவர் இருந்தபோது, அங்கே ஃபோன்ட் குடும்பத்தார் ஏற்கெனவே நால்வர் குழுவாக வாசித்துக்கொண்டிருந்தனர். செல்லோ மேதையான போக்கெரீனி அவர்களோடு ஐந்தாமவராக அமர்ந்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஐவரிசைகள் அவ்வாறு பிறந்தன. அவற்றில் முதல் செல்லோ வயலின் உயரத்துக்குப் போய்ப் பாடும், இரண்டாம் செல்லோ வீட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும். பரவலாகத் தெரிந்த அவரது மினுவெட் இத்தகைய ஓர் ஐவரிசையின் பகுதியே.

இந்த அமைப்பின் சிகரம் ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1828இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன் முடித்த சி மேஜர் ஐவரிசை. முதல் பகுதியின் இரண்டாம் பாட்டை இரண்டு செல்லோக்கள் இணைந்து பாடும்போது வேறெந்தச் சேர்க்கையிலும் பிறக்க முடியாத வெம்மை எழுகிறது. மெதுவான பகுதியில் இரண்டாம் செல்லோ விரலால் மீட்டியபடி அடியைத் தாங்க, நடு மூவர் நீண்ட சுரங்களைப் பிடித்து நிற்க, முதல் வயலின் இடையிடையே சில சொற்களை மட்டும் சொல்கிறது. இந்த இசை 1850இல்தான் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. அதே அமைப்பில் பிராம்ஸ் 1862இல் எழுதிய எஃப் மைனர் ஐவரிசை, தந்திகளால் மட்டும் அதன் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்ற வயலின் மேதை யோவாகிமின் கருத்துக்குப் பிறகு அழிக்கப்பட்டு, இறுதியில் பியானோ ஐவரிசையாக வெளிவந்தது. கருவித் தேர்வைப் படைப்பாளி தானே திருத்திக்கொண்ட தெளிவான நிகழ்வு இது.

மூன்றாவது வழி டபுள் பேஸ். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்ஸ்லோவின் ஐவரிசை ஒன்றை இலண்டனில் வாசிக்க இருந்தபோது இரண்டாம் செல்லோக்காரர் வராமல் போக, பேஸ் மேதை டிரகொனெட்டி அந்தக் குரலை வாசித்தார். விளைவு ஆன்ஸ்லோவுக்குப் பிடித்துவிடவே, அதன்பின் அவர் பேஸ் வைத்தும் எழுதினார் என்பது வழங்கிவரும் செய்தி. திவோர்ஷாக்கின் ஓப்பஸ் 77 (1875) இந்த அமைப்பில் மிகச் சிறந்தது. பேஸ் அடியைப் பிடித்துக்கொண்டால் செல்லோ விடுதலை பெற்று டெனராகிறது. ஆனால் பேஸின் 16 அடி ஒலி என ஆர்கன் மரபில் சொல்லும் அந்த ஆழ்ந்த நாதம், சிறிய அறையில் மற்ற நால்வரையும் ஆர்க்கெஸ்ட்ராவின் துண்டு போலக் காட்டிவிடும். நெருக்கமான உரையாடலே சிறுகுழுவின் உயிர் என்பதால், இது எப்போதாவது எடுக்க வேண்டிய வழி. பன்னிரண்டு வயதில் ரோஸ்ஸினி 1804இல் எழுதிய ஆறு சொனாட்டாக்கள் வியோலாவே இல்லாமல் இரண்டு வயலின், செல்லோ, பேஸ் என்று அமைந்தவை. அவரை விருந்துக்கு அழைத்திருந்த நண்பர் பேஸ் வாசிப்பவர் என்பதே அதற்குக் காரணம்.

இருவர், மூவர், அறுவர், எண்மர்

குறைந்த கருவிகளால் முழு ஒலியை எழுப்புவதே கடினம். வயலின், வியோலா, செல்லோ என்ற மூவர் சேர்க்கைக்கு மொசார்ட் 1788இல் எழுதிய டிவர்டிமென்டோவும், பீத்தோவன் 1798இல் வெளியிட்ட ஓப்பஸ் 9 மூவரிசைகளும் அளவுகோல்கள். நான்கு சுரம் வேண்டிய இடத்தில் மூவரே இருப்பதால் ஒருவர் இரண்டு தந்திகளை ஒருசேர இழுக்க வேண்டியிருக்கும். ஒளிந்துகொள்ள எவருக்கும் இடமில்லை. திவோர்ஷாக் 1887இல் செல்லோவே இல்லாமல் இரண்டு வயலினும் வியோலாவுமாக ஒரு டெர்செட்டோ எழுதினார். அதே வீட்டில் குடியிருந்த வேதியியல் மாணவர், அவருக்கு வயலின் கற்பித்தவர், வியோலா எடுத்துக்கொண்டு திவோர்ஷாக் என மூவர் வாசிப்பதற்காகவே அது எழுந்தது. ஆனால் அது அந்த மாணவரின் திறனுக்கு எட்டாததாகிவிட்டது. இருவர் அமைப்பில் வயலினும் வியோலாவும் சேரும் மொசார்ட்டின் இரண்டும் (1783), வயலினும் செல்லோவும் சேரும் கோதாயின் படைப்பும் (1914), ராவெலின் சொனாட்டாவும் (1922) முக்கியமானவை.

அந்தோன் அரென்ஸ்கி 1894இல் சைக்கோவ்ஸ்கியின் நினைவாக எழுதிய நால்வரிசையில் ஒரு வயலின், ஒரு வியோலா, இரண்டு செல்லோ. இரங்கல் இசைக்கு மேல்குரலில் ஒருவர் போதும், கீழே இருவர் வேண்டும் என்ற அந்தத் தேர்வு அபாரமானது. ரஷ்யத் தேவாலயப் பாடலின் ஆண்குரல் சாயல் தொடக்கத்திலேயே கேட்கிறது.

ஒவ்வொன்றிலும் இரண்டு கொண்ட அறுவர் அமைப்பைப் பிராம்ஸின் ஓப்பஸ் 18 (1860), ஓப்பஸ் 36 ஆகியவை நிலைநாட்டின. சைக்கோவ்ஸ்கியின் ஃபிளாரன்ஸ் நினைவு, 1899இல் ஷோன்பெர்க் எழுதிய உருமாறிய இரவு ஆகியவையும் இவ்வகையின. எண்மர் அமைப்பில் இரண்டு மனப்பாங்குகள் உண்டு. ஸ்போர் இரண்டு நால்வர் குழுக்களை எதிரெதிரே உட்காரவைத்தார். மெண்டல்சன் பதினாறு வயதில், 1825இல், நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோவை ஒரே உடலாக்கினார். பின்னதே வென்றது.

தனிக் கருவிகளைப் பொருத்துதல்

அமைப்பு முடிவான பின், எந்த வயலின், எந்த வியோலா என்ற கேள்வி எழுகிறது. ஒரே கைவினைஞரின் தொகுதி சிறந்தது என்ற எண்ணம் மேஸ் காலத்திலிருந்தே உண்டு. ஸ்ட்ராடிவாரி செய்தவற்றில் எஞ்சியுள்ள வியோலாக்கள் ஒரு டஜன் அளவில்தான் என்பதால், அவர் கருவிகளால் ஆன முழு நால்வர் தொகுதிகள் மிக அரியவை. பகனீனி வைத்திருந்த நான்கும் அப்படி ஒன்று. அவற்றின் வியோலா 1731இல் செய்யப்பட்டது. அந்த நான்கையும் 1994இல் வாங்கிய நிப்பான் இசை அறக்கட்டளை, டோக்கியோ குவார்டெட் முதலிய குழுக்களுக்கு இரவல் தந்துள்ளது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கெர்ட்ரூட் கிளார்க் விட்டல் 1935இல் மூன்று வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என ஐந்து ஸ்ட்ராடிவாரிகளை வழங்கினார். 1940 முதல் 1962 வரை புடாபெஸ்ட் குவார்டெட் அவற்றை அங்கே வாசித்தது. பீத்தோவனுக்கு இளவரசர் லிக்னோவ்ஸ்கி 1800ஐ ஒட்டிப் பரிசளித்த நான்கு கருவிகளோ வெவ்வேறு கைகளில் பிறந்தவை.

ஒரே கைவினைஞர் என்பதைவிட, வியோலாவின் அளவே குழுவின் ஒலியை அதிகம் மாற்றும். சிறிய வியோலா கைக்கு எளிது. ஆனால் செல்லோவின் மேல் பகுதியோடு கலக்கும்போது அதன் சி தந்தி மங்கிவிடும். 42 செ.மீ.க்குக் குறையாத, அகன்ற கீழ்க்கூடு கொண்ட வியோலாவைத் தாங்கக்கூடியவர் குழுவில் இருந்தால் அதையே கொள்ள வேண்டும். வியோலாவின் இந்த அளவுக் குறையைத் தீர்க்க முயன்றோர் பலர். வியோலா கலைஞர் ஹெர்மன் ரிட்டர் 1870களில் 48 செ.மீ. வியோலாவைச் செய்வித்தார், வாக்னர் அதை விரும்பினார். மற்றொரு வியோலா கலைஞர் லயனல் டெர்டிஸ் 1930களில் 42.5 செ.மீ. அளவில் தம் பெயர் தாங்கிய மாதிரியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் கார்லீன் ஹட்சின்ஸ் 1960களில் எட்டு அளவுகளில் புதிய வயலின் குடும்பத்தையே உருவாக்கினார். அதில் வியோலாவின் கூடு 50 செ.மீ.க்கு மேல், செல்லோ போல நிறுத்தி வாசிப்பது. பார்ட்டோக்கின் வியோலா கன்செர்ட்டோவைச் செல்லோ கலைஞர் யோ-யோ மா அதில் வாசித்துப் பதிவுசெய்தார். எனினும் வாசிப்போரின் தோள் பழக்கத்தை எந்தக் கணக்கும் வெல்லவில்லை.

பழைய கருவிதான் வேண்டுமா என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் கைவினைஞர் ஜோசப் கர்ட்டினும் சேர்ந்து 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வாசிப்பாளர்களையும், 2012இல் பாரிஸ் அருகே பத்துத் தனிவாசிப்பாளர்களையும் கொண்டு, கருவி எதுவென்று தெரியாதபடி செய்து சோதித்தபோது, பெரும்பாலோர் புதிய வயலின்களையே விரும்பினர். எது பழையது என்று நம்பகமாகப் பிரித்தறியவும் இயலவில்லை. எமர்சன் குவார்டெட்டின் உறுப்பினர்கள் சாமுவேல் சிக்மண்டோவிச் செய்த புதிய கருவிகளை நெடுங்காலம் வாசித்துள்ளனர்.

தந்திகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை குடலே வழக்கு. வயலினின் ஈ தந்தி முதலில் எஃகுக்கு மாறியது. 1970இல் வியன்னாவின் தோமஸ்டிக் நிறுவனம் செயற்கை இழைக் கருவுடன் டாமினன்ட் தந்திகளை வெளியிட்ட பின், சுருதி நிற்பதும் குடலின் மென்மையும் ஒருசேரக் கிடைத்தன. குழுவில் ஒருவர் எஃகும் மற்றவர் குடலும் பூட்டினால் வில்லின் அழுத்தமே ஒத்துப்போகாது. தேர்வுக்கு வாய்ப்பே இல்லாத நிலையும் உண்டு: பள்ளிக் குழுக்களில் வியோலாக்காரர் கிடைக்காதபோது அந்தக் குரலை மூன்றாம் வயலினுக்கு மாற்றி எழுதித் தருவதுண்டு. சி தந்தியின் சுரங்கள் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடுவதால், நடுவில் இருக்க வேண்டியது மேலே போய் நெரிசலாகும்.

தற்கால நிலை

1973இல் தொடங்கிய குரோனோஸ் குவார்டெட், ஒலிபெருக்கியையும் மின்னணுக் கருவிகளையும் நால்வர் குழுவோடு சேர்த்துள்ளது. சென்னையில் வயலின் கலைஞர் வி.எஸ். நரசிம்மன் 1990களில் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட், இரண்டு வயலின், வியோலா, செல்லோ என்ற அதே அமைப்பில், கர்நாடகக் கீர்த்தனைகளை ஹார்மனியோடு வாசிக்கிறது.